வோல்ஃப் சிங்கர்

வோல்ஃப் சிங்கர் (பிறப்பு: 1943, மியூனிக்) ஜெர்மானிய நரம்பியல் அறிஞர். பார்வையைப் பொறுத்தவரை எந்த நரம்பணு துடிக்கிறது என்பதோடு எந்தக் கணத்தில் துடிக்கிறது என்பதும் முக்கியம் என்ற எண்ணத்தைச் சோதனைக்கு உட்படுத்தியவர். மியூனிக்கிலும் பாரிஸிலும் மருத்துவம் பயின்றார். 1980-களின் தொடக்கத்திலிருந்து 2011 வரை ஃபிராங்ஃபர்ட் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராக இருந்தார்.

பூனைக்குட்டிகளின் பார்வை வளர்ச்சியை அவர் ஆராய்ந்தார். இளம்பருவத்தில் காண்பவை மூளையின் பார்வைப் புறணியில் உள்ள இணைப்புகளை மாற்றுகின்றன என்பதை நரம்பியல் அறிஞர்கள் ஹ்யூபெலும் வீசெலும் முன்பே காட்டியிருந்தார்கள். அந்த மாற்றத்துக்கு அசிட்டைல்கோலின், நாரட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களின் துணையும் வேண்டும் என்று மார்க் பேருடன் சேர்ந்து 1986-இல் சிங்கர் நிறுவினார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது அடுத்த கேள்வி. ஒரு பொருளின் விளிம்பு, நிறம், அசைவு ஆகியவற்றை வெவ்வேறு நரம்பணுக் கூட்டங்கள் உணர்கின்றன. அவை யாவும் ஒரே பொருளுக்கு உரியவை என்பது எப்படித் தீர்மானமாகிறது? சேர்ந்து துடிப்பவை சேர்ந்தவை என்று கிறிஸ்டோஃப் ஃபொன் டெர் மால்ஸ்பர்க் 1981-இல் ஊகித்திருந்தார். சிங்கரும் சார்லஸ் கிரே, பீட்டர் கோனிக், ஆண்ட்ரியாஸ் எங்கல் ஆகியோரும் 1989-இல் வெளியிட்ட சோதனை இந்த ஊகத்துக்கு உயிர் கொடுத்தது. மயக்க மருந்து கொடுத்த பூனையின் புறணியில் 7 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு இடங்களில் துடிப்புகளைப் பதிந்தார்கள். இரண்டு ஒளிக்கோடுகள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தபோது ஒத்திசைவு இல்லை. ஒரே திசையில் நகர்ந்தபோது ஓரளவு தெரிந்தது. ஒரே நீண்ட கோடாக நகர்ந்தபோது, விநாடிக்கு 40 முதல் 60 வரையிலான அதிர்வுகளில் இரு இடங்களும் வலுவாக இசைந்தன. கண்ட காட்சியின் முழுமையே துடிப்பின் நேரத்தை மாற்றியிருக்கிறது. இச்சோதனையின் அழகு அதில்தான் இருக்கிறது. மார்பர்க்கில் ரைன்ஹார்ட் எக்ஹார்ன் குழுவும் 1988-இல் தனியாக இதையொத்த அதிர்வுகளைக் கண்டிருந்தது. மூளையின் இரு பாதிகளுக்கு இடையிலும் ஒத்திசைவு உண்டு என்பதும், இரண்டையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டினால் அது மறைகிறது என்பதும் 1991-இல் தெரியவந்தன.

எதிர்ப்பும் வலுவாகவே எழுந்தது. நரம்பியல் அறிஞர்கள் ஷாட்லனும் மோவ்ஷனும் 1999-இல், ஒத்திசைவே பாகங்களைப் பிணைக்கிறது என்ற இக்கொள்கையின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார்கள். இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றும் சுப்ரதிம் ராய், ஜான் மான்செலுடன் 2010-இல் வெளியிட்ட குரங்கு ஆய்வு இன்னும் கூர்மையானது: காட்சியின் ஒளி வேறுபாடு மாறினால் அதிர்வின் வேகமும் மாறுகிறது. வெவ்வேறு வேகத்தில் அதிரும் இடங்கள் ஒரு பொருளின் பாகங்களை எவ்வாறு பிணைக்க முடியும்? 1989-இல் முன்வைத்த எளிய வடிவத்தில் கொள்கை இதற்கு ஈடுகொடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் மூளையின் இயக்கத்தைக் காலத்தில் நிகழும் ஒன்றாகப் பார்க்கும் வழக்கம் நிலைத்தது. சிங்கரின் மாணவரான பாஸ்கல் ஃப்ரீஸ், மூளைப் பகுதிகள் அதிர்வு இசைந்த தருணங்களில்தான் திறம்படச் செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்ற கருத்தை 2005-இல் முன்வைத்தார். சிங்கரும் பீட்டர் ஊல்ஹாஸும் மனச்சிதைவு நோயில் ஒத்திசைவு குலைவதை ஆராய்ந்தார்கள். ஒரு காட்சி மறைந்த பிறகும் அதன் தடயம் சிறிது நேரம் புறணியின் துடிப்புகளில் தங்குகிறது, அடுத்து வரும் காட்சியின் தடயத்தோடு கலக்கிறது என்று 2009-இல் சிங்கரின் குழு காட்டியது.