மறுபடி தோன்றும் வாய்ப் புற்றும் மார்புத் தசைமடலும்

வாயிலும் தொண்டையிலும் ஒருமுறை சிகிச்சையால் அடக்கப்பட்ட புற்று, சில மாதங்களோ ஓரிரண்டு ஆண்டுகளோ சென்றபின் அதே இடத்தில் மறுபடி தலைகாட்டும்போது, அறுப்பதா வேண்டாமா, அறுத்தால் எவ்வளவு, அறுத்த பள்ளத்தை எதைக்கொண்டு மூடுவது என்னும் மூன்று வினாக்கள் சஸ்திர வைத்தியர் முன் ஒருங்கே வந்து நிற்கின்றன. முதலிரண்டைப் பற்றியே விவாதம் மிகுதியாக நடக்கிறது. மூன்றாவது கைத்திறனைச் சேர்ந்த சில்லறை விஷயமாகக் கருதப்படுகிறது. உடுமலைப்பேட்டை நூற்பாலைத் தொழிலாளியை நோயாளியாக முன்னிறுத்திப் பார்த்தால், பல சந்தர்ப்பங்களில் அம்மூன்றாவதே மற்ற இரண்டையும் நிர்ணயிக்கிறது என்பதும், மார்பிலிருந்து தசையும் தோலும் கொண்டுவந்து பள்ளத்தை மூடும், பழையதென்று ஒதுக்கப்பட்டுவரும் மார்புத் தசைமடலுக்கு அதில் இன்றும் உரிய ஸ்தானம் உண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

பஞ்சு பறக்கும் நூற்பாலைக்குள் பீடி பற்றவைக்க இடமில்லை; அடக்கிக்கொள்ளும் புகையிலைக்கு நெருப்பும் வேண்டாம், புகையும் இல்லை. 2013இல் குட்கா தடைசெய்யப்பட்ட பின்னும் பொட்டலம் மறைந்தபாடில்லை. கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே அது ஊறிக்கிடந்த மூலையிலேயே புண் பிறக்கிறது. கோயம்புத்தூரில் அறுவையும், நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சும் முடிந்தபின், ஒரு நாள் கூலியை இழந்து பொள்ளாச்சி வழியாகப் பஸ் ஏறிப் போக வேண்டிய மறுபரிசோதனை மெல்லத் தள்ளிப்போகிறது. மறுபடி வரும்போது வாய் இரண்டு விரல் நுழையுமளவுகூடத் திறப்பதில்லை.

அறுப்பதால் பிரயோஜனம் உண்டா? 2000இல் குட்வின் தொகுத்த 1,080 நோயாளிகளின் கணக்கில், இத்தகைய மீட்பு அறுவைக்குப்பின் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர் சராசரி 39 சதவீதம். இந்தச் சராசரியை நம்பி வாக்குக் கொடுப்பது அபாயம். குரல்வளையில் சிறிதாக மீண்ட புற்றும், தொண்டையின் ஆழத்தில் மீண்ட புற்றும் ஒரே கணக்கில் சேர்ந்தவை. கன்னப் புற்றில் கீழ்த்தாடையின் மேல்விளிம்பிலுள்ள பள்ளத்துக்குக் கீழே நோய் நிற்கிறதா, அதைத் தாண்டி மண்டையோட்டின் அடிப்பாகத்தை நோக்கி ஏறிவிட்டதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஏறிவிட்டாலோ, கழுத்தின் பெருந்தமனியைச் சுற்றி வளைத்துவிட்டாலோ, கத்தியை எடுக்காமலிருப்பதே பெரும்பாலும் விவேகம். அதைக் கைவிடுதல் என்றும் சொல்வதற்கில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் 422 நோயாளிகள் அடங்கிய ஆய்வில் (2020), மெத்தோட்ரெக்சேட்டும் செலிகாக்சிபும் மாத்திரையாக உட்கொண்டவரின் இடைநிலை ஆயுள் 7.5 மாதமாகவும், ஊசிவழிச் சிஸ்பிளாட்டின் பெற்றவருக்கு 6.1 மாதமாகவும் இருந்தது. வித்தியாசம் சிறிதே, ஆனால் மாத்திரையை உடுமலையிலேயே சாப்பிடலாம்.

அறுப்பதென்று தீர்மானித்தபின் பிரச்சினை திசுவைப் பற்றியது. கதிர்வீச்சுப் பட்ட சதையில் நுண்ணிய ரத்தநாளங்கள் அடைபட்டுக் கிடப்பதால் தையல் பிடிக்காது; பிடிக்காத தையலின் வழியே கசியும் உமிழ்நீர் கழுத்துக்குள் இறங்கிப் பெருந்தமனியின் சுவரை அரிக்குமானால், படுக்கையிலேயே பிராணாபாயம். குரல்வளைப் புற்றைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்றில், மருந்தும் கதிர்வீச்சும் ஒருசேரப் பெற்றபின் குரல்வளை முழுதும் எடுக்கப்பட்டவர்களில் 30 சதவீதத்தினருக்கு அத்தகைய கசிவு நேர்ந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றிருந்தோரில் 15 சதவீதமே. ஆகவே கதிர்வீச்சு தீண்டாத இடத்திலிருந்து புது ரத்தத்தோடு வரும் திசு அவசியமாகிறது.

ஆரியன் என்னும் சஸ்திர வைத்தியர் 1979இல் வெளியிட்ட மார்புத் தசைமடல் இதையே செய்கிறது: காறை எலும்பின் அடியிலிருந்து இறங்கும் தமனியோடு மார்புத் தசையும் மேல்தோலும், வேரறுபடாத கொடிபோல, கழுத்தின் தோலடியே வாய்க்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. முன்கை மடலோ காலெலும்பு மடலோ அவ்வாறன்று. உடம்பிலிருந்து முற்றும் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியின் கீழ்க் கழுத்து நாளங்களோடு இணைக்கவேண்டும். முந்தைய அறுவையும் கதிர்வீச்சும் அந்நாளங்களையே பாழாக்கியிருந்தால் எதனோடு இணைப்பது? இணைத்தாலும் இரவெல்லாம் மடலின் நிறம் பார்க்க ஆளும், கருத்துவிட்டால் உடனே திறக்க அறுவை அரங்கும் காத்திருக்கவேண்டும்.

முகவாயின் முன்வளைவு எலும்பு போயிருந்தால் என் வாதம் செல்லாது; அங்கே காலெலும்பே தகும். இன்றேல் கீழுதடு சரிந்து எச்சில் வடிவதை எந்தத் தசைமடலாலும் தடுக்கமுடியாது. மார்புத் தசைமடல் பருமனானது. ஆடவர்க்கு வாய்க்குள் மயிர் முளைக்கும். பெண்களுக்கு மார்பு கோணும். தோள் வலுக் குறையும். இவை சிறு குறைகளல்ல. ஆயினும் முன்கை மடல் தறியையும் கோனையும் பற்றும் கையிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதை அதை விரும்புவோர் ஏனோ பேசுவதில்லை.

நுண்ணிணைப்பை முதலில் முயன்று, தவறினால் மார்புத் தசைமடலை ஆபத்துதவியாக வைத்துக்கொள்ளலாம் என்பர். முதல்தடவைப் புற்றுக்கு அது பொருத்தமான உபாயமே. புற்று மீண்டவரிடம், உண்ணவும் முடியாது எடை இளைத்தவரிடம், இரண்டாவது மயக்கமருந்தையும் திறந்த கழுத்தையும் கணக்கில் கொள்ளாமல் அவ்வாறு சொல்வது எளிது.

இவ்வளவும் முதல் அறுவையின் குறிப்பேட்டைப் பொறுத்தது. முகத்தமனி கட்டப்பட்டதா, கழுத்தின் குறுக்குத்தமனியும் வெளிக்கழுத்துச் சிரையும் காக்கப்பட்டனவா என்பவற்றை வீடு திரும்பும் சீட்டில் இரண்டு வரியில் எழுதிக்கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டால், பின்னர் வேறோர் ஊரில் வேறொருவர் கத்தியெடுக்கும்போது எந்த மடல் என்பதைக் கழுத்தைத் திறக்குமுன்பே தீர்மானிக்கலாம்.