சிங்கப்பூர் போனவர் சம்சாரம்

பெங்களூர் சிவாஜிநகரில் நான் வளர்ந்த காலத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரித்தால், அது பென்ஷன் வீடா இல்லையா என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். பென்ஷன் என்றால் பட்டாளத்துப் பென்ஷன். 1809-இல் வெள்ளைக்காரர்கள் அல்சூரை ஒட்டித் தண்டு (கன்டோன்மென்ட்) அமைத்த நாளிலிருந்து இந்தப் பக்கத்துச் சோறு பட்டாளத்தை நம்பி வெந்த சோறு. வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் என்று பல ஊர்களிலிருந்து சிப்பாய்களும், அவர்களுக்குப் பின்னால் வண்ணார், சமையல்காரர், தையல்காரர், மாட்டுக்குப் புல் விற்பவர்களும் வந்து குடியேறிய இடம் இது. அப்போது பிளாக்பள்ளி என்று பெயர். 1834-இல் மதராஸ் சாப்பர்ஸ் படை பெங்களூருக்கு வந்து அல்சூர் ஏரிப் பக்கம் நிலைகொண்டபின், அப்பன் விட்ட இடத்தில் பிள்ளை சேருவது வழக்கமாகிவிட்டது. தெருக்களைப் பாருங்கள்: இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்டிலரி ரோடு, கேவல்ரி ரோடு. கடைசியாகச் சொன்னதுதான் இன்றைய காமராஜ் ரோடு.

பழைய மதராஸ் ராணுவத்தில், பணியில் இறந்த சிப்பாயின் மகனைச் சின்ன வயதிலேயே பட்டாலியன் கணக்கில் சேர்த்துச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. 'பென்ஷன் பையன்' என்றே அவனுக்குப் பெயர். அப்படித் தலைமுறை தலைமுறையாகக் கணக்கில் இருந்து பழகிய தெருவில், கணக்கிலிருந்து அடிக்கப்பட்ட வீடுகளும் சில இருந்தன. அந்த வீட்டுப் பெண்களை 'சிங்கப்பூர் போனவர் சம்சாரம்' என்பார்கள். குரலைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

எண்பதுகளில் நான் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். ஜாமீன் மனு, வாடகை ஒப்பந்தம், பவுரிங் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய கடிதம், எல்லாம் அடித்துக் கொடுப்போம். தமிழில் சொல்வார்கள், நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். அங்கேதான் இந்தப் பெண்கள் என்னிடம் வந்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்து இறந்துபோன தங்கள் கணவர்களின் பெயரில் பென்ஷன் கேட்டு மனு போட வேண்டும் என்றார்கள்.

அவர்களுடைய கணவர்கள் எப்படி அங்கே போனார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை நிற்கவைத்து, பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். மைசூர் மகாராஜாவின் காலாட்படையும் அப்போது சிங்கப்பூரில் சிக்கியிருந்தது. உப்பிட்ட துரையே கைகழுவிவிட்ட அந்த மைதானத்தில் ஒரு சிப்பாயின் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேப்டன் மோகன் சிங்கின் தலைமையில் முதல் ஐ.என்.ஏ. உருவாகி அந்த ஆண்டு டிசம்பரிலேயே கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றார். அக்டோபர் 21-இல் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணி படையில் பெரும்பாலோர் இந்தியாவை ஒருமுறைகூடப் பார்த்திராத தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

1944-இல் இம்பாலில் தோல்வி. மழையும் மலேரியாவும் பசியும் துப்பாக்கியைவிட அதிகம் பேரைக் கொன்றன. 1945-இல் ரங்கூன் விழுந்தபோது மிஞ்சியவர்கள் பிடிபட்டார்கள்.

பிடிபட்டவர்களை பிரிட்டிஷார் மூன்று நிறமாகப் பிரித்தார்கள். வெள்ளை என்றால் ராஜ விசுவாசம் மாறாதவர், திரும்பவும் ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சாம்பல் என்றால் ஏமாற்றப்பட்டவர், வற்புறுத்தலுக்கு ஆளானவர். கறுப்பு என்றால் மனமறிந்து சேர்ந்தவர். வங்காளத்தில் நீல்கஞ்ச், ஜிகர்கச்சா போன்ற முகாம்களில் உட்காரவைத்து ஒவ்வொருவரையும் விசாரித்தார்கள். ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் 1945 நவம்பரில் செங்கோட்டையில் வழக்கு நடந்ததும், நாடே கொந்தளித்ததும், ஆயுள் தண்டனை ரத்தானதும் எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாத சிப்பாய்க்கு நடந்தது வேறு. கறுப்பர்களையும் சாம்பல்களையும் வேலையிலிருந்து நீக்கி, கறுப்பர்களின் சம்பளப் பாக்கியைப் பறிமுதல் செய்து, ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

அப்படித்தான் அவர்கள் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அப்போது இந்தத் தண்டு இன்னும் பிரிட்டிஷார் கையில்தான் இருந்தது. மைசூர் அரசிடம் திரும்பக் கொடுத்தது 1947 ஜூலையில்தான். பக்கத்து வீட்டில் சாப்பர்ஸ் ஹவல்தார், எதிர் வீட்டில் பென்ஷன் சுபேதார். நடுவில் நீக்கப்பட்டவன். என்னிடம் வந்த அம்மா ஒருவர் சொன்னார்: "வந்தன்னிக்கு ராத்திரியே எங்க மாமியார் அவரு கொண்டாந்த காயிதத்தையெல்லாம் அடுப்புல போட்டுட்டாங்க கண்ணு. போலீஸ் வந்து பாத்தா பெரிய பையனுக்கும் பட்டாளத்துல வேலை போயிடும்னு பயம்." சுதந்திரம் வந்தபின்னும் ஐ.என்.ஏ.காரர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மூட்டை இறக்கினார். அறுபதுகளில் காசநோயில் இறந்தார்.

பென்ஷன் அதன் பிறகு வந்தது, அதுவும் துண்டு துண்டாக. தமிழ்நாட்டில் 1966-இல் மாநில அரசு சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. இங்கே மைசூர் மாநில அரசு 1969-இல் அதற்கு விதிகள் வகுத்தது. மத்திய அரசின் திட்டம், சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. மாதம் 200 ரூபாய், ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. 1980 ஆகஸ்டில் வருமான வரம்பை எடுத்துவிட்டு, 'ஸ்வதந்திரதா சைனிக் சம்மான்' என்று பெயர் மாற்றி, உதவி என்பதை மரியாதை என்று ஆக்கினார்கள். குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் மூன்று மாதம் போதும். ஐ.என்.ஏ.வும் உண்டு. தியாகி இறந்திருந்தால், மறுமணம் செய்யாத மனைவிக்குக் கிடைக்கும்.

எங்கள் பெண்கள் மனு போட வந்தது இந்த 1980 விதிகளை யாரோ சொல்லக் கேட்டுத்தான். இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ஆறு மாதச் சிறைவாசத்தை எதைக் கொண்டு நிரூபிப்பது? பிரிட்டிஷ் ராணுவம் தண்டித்து எழுதிக் கொடுத்த காகிதம்தான் முதல் சாட்சி. எந்தக் காகிதத்தால் இந்தக் குடும்பங்கள் முப்பத்தைந்து வருஷம் தலைகுனிந்தனவோ, அதையே கொண்டுவா, கௌரவிக்கிறேன் என்றது அரசு. கறுப்பு என்று முத்திரை குத்தியிருந்தால் இன்னும் நல்லது. அவமானத்துக்கு அஞ்சி அதை எரித்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். அச்சமில்லாமல் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். வீரப்பிள்ளை தெரு அம்மா ஒருவர், நீக்க உத்தரவை ரேஷன் கார்டோடு சேர்த்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். அதை என் மேஜையில் விரித்தபோது மடிப்புகளில் நான்காகப் பிரிந்தது. அவருடைய மனு சுலபமாகப் போனது.

காகிதம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி வைத்திருந்தார்கள். ஆவணம் கிடைக்கவில்லை என்று அரசுத் தரப்பில் சான்று வாங்கி, கூடவே சிறையிலிருந்த தியாகிகளிடம் உடன்சிறைவாசி சான்று பெற வேண்டும். ஒரு விதவைக்கு அது எவ்வளவு கடினம் என்பதை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள் நான். கணவர் யாரோடு அடைபட்டிருந்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வீட்டில் அந்தக் கதையைப் பேசியதே இல்லை. 'காட்பாடிக்காரர் ஒருத்தர் வருவாரு, வந்தா ரெண்டு பேரும் வெளிய போய் நிப்பாங்க' என்பதுதான் காகிதத்தை அடுப்பில் போட்ட வீட்டு அம்மாவுக்கு இருந்த ஒரே நூல். அந்த நூலைப் பிடித்து அவருடைய தம்பி மகன் காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் அலைந்து ஆளைக் கண்டுபிடித்தான். பெரியவர் ஏற்கெனவே பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதுமே அழுதாராம். கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகும் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டும். கிறிஸ்தவப் பெண்களுக்கு மாதா கோயில் பதிவேடு இருந்தது. செயின்ட் மேரீஸ் குருக்கள் எழுதிக் கொடுத்த திருமணச் சான்று எந்த ஆபீஸிலும் செல்லும். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. பட்டாள ரிஜிஸ்டரில் கணவர் பெயர் ஒருவிதம், ரேஷன் கார்டில் ஒருவிதம், ஓட்டர் லிஸ்டில் மூன்றாவது விதம். இதற்கெல்லாம் அபிடவிட் அடித்துத் தள்ளினேன். மாநிலப் பென்ஷனுக்கு வேறொரு தொல்லை. கணவர் பிறந்தது வட ஆற்காடு, மனைவி குடியிருப்பது கர்நாடகம். இங்கே கேட்டால் அங்கே போ என்பார்கள், அங்கே கேட்டால் இங்கே போ என்பார்கள். எல்லைகள் மாறுவதற்கு முன்பே பட்டாளத்துக்குப் போனவனின் மனைவி எந்த மாநிலத்துக்காரி என்ற கேள்வி எனக்கு அப்போதே வேதனையாக இருந்தது.

கடல் கடந்தும் விதவைகள் இதே வரிசையில் நின்றிருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்னகத்துச் சிப்பாய்களுக்கு வாஷிங்டன் பென்ஷன் கொடுக்கவில்லை. 1880களிலிருந்து தென் மாநிலங்கள் தங்கள் கஜானாவிலிருந்து கொடுத்தன. அங்கேயும் விதவை, மறுமணம் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும், ஏழை என்று சொல்ல வேண்டும், கணவரோடு போரில் நின்றவர்களின் சாட்சி கொண்டுவர வேண்டும். அந்தப் படை அடிமை முறையைக் காக்கப் போரிட்டது. எங்கள் ஆட்கள் அடிமைத்தனத்தை உடைக்கப் போனார்கள். அதனால் இரண்டையும் ஒரு தராசில் வைக்க மாட்டேன். ஆனால் மோஸ் டிரிப்ளெட் என்பவரின் கதை என்னை நிறுத்தியது. வட கரோலினாக்காரர். முதலில் தென்படையில் இருந்து, 1863-இல் ஓடிப்போய், அடுத்த ஆண்டு வடபடையில் சேர்ந்தார். பக்கம் மாறியதால் மத்திய அரசின் பென்ஷன் கிடைத்தது. அவருடைய 83-ஆம் வயதில் பிறந்த மகள் ஐரீன், மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிக்கொண்டு 2020 வரை உயிரோடு இருந்தார். எங்கள் ஆட்களும் பக்கம் மாறியவர்கள்தான். மாறியது சரியா தவறா என்பதை, மாறியபின் யார் ஆட்சிக்கு வந்தார்கள் என்பது தீர்மானித்தது.

நீதிமன்றங்கள் பின்னால் பெரிய உதவி செய்தன. 1993-இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கில், தாமதமாக விண்ணப்பித்தார் என்பதற்காகத் தியாகியைத் திருப்பி அனுப்பக்கூடாது, மனு வந்த நாளிலிருந்து கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001-இல் குர்தியால் சிங் வழக்கில், இந்த மனுக்களைக் குற்ற வழக்கில் சாட்சியம் பார்ப்பதுபோல் பார்க்கக்கூடாது, நடந்திருக்க வாய்ப்புண்டா என்று பார்த்தால் போதும் என்றது. அந்தத் தீர்ப்புகளை நானே நகலெடுத்து மனுக்களோடு இணைத்திருக்கிறேன். ஆனால் எண்பதுகளில் என்னிடம் வந்தவர்களில் பலர் 2001-ஐப் பார்க்கவில்லை.

அடுப்பில் போட்ட வீட்டு அம்மாவுக்குக் காட்பாடிப் பெரியவரின் கையெழுத்தால் பென்ஷன் கிடைத்தது. கிடைக்காமல் போன ஒருவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவருடைய கணவர் 1945 மே மாதம் ரங்கூனில் பிடிபட்டவர். முகாமில் விசாரித்தபோது, 'மிரட்டித்தான் சேர்த்தார்கள்' என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கூட இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்களாம். சாம்பல் என்று எழுதி, அக்டோபரிலேயே அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளை இல்லை, அதனால் பட்டாள வேலையும் பென்ஷனும் போயிற்று. ஆறு மாதம் இல்லை, அதனால் தியாகி பென்ஷனும் இல்லை. திருப்பி வந்த மனுவோடு அவர் கடைக்கு வந்தார்.

"பொய் சொல்லி வூட்டுக்கு வந்தாரு. கைக்கொழந்தைய வெச்சிகினு நான் இருந்தேன், அதுக்காக வந்தாரு. இன்னும் ஒரு மாசம் உள்ள இருந்திருந்தா எனக்குப் பணம் வரும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அதை அப்படியே அடிக்கச் சொன்னார். மறுமனுவில் அதை ஒரு பத்தியாகவே வைத்தேன். முகாமிலிருந்து வெளியேற ஒரு சிப்பாய் சொன்ன வார்த்தையை, அவன் இம்பால் வரை நடந்த நடைக்கு எதிராக எடைபோட வேண்டாம் என்றும் எழுதினேன். முகாம் தேதியை மட்டும் பார்க்காமல், பிடிபட்டதிலிருந்து வீடு வந்து சேர்ந்த நாள்வரை முழுவதையும் காவலாகக் கணக்கிடும்படி கேட்டேன். கையெழுத்து இடத்தில் அவர் இடது கட்டை விரலை வைத்தார். அந்த மனுவுக்கு அவர் உயிரோடு இருந்தவரை பதில் வரவில்லை. அதன் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது.