கப்பலில் தலைசுற்றினால் வெட்கப்பட ஏதுமில்லை



2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து, நாகூர் போக நினைக்கும் எமது ஊரவர்கள் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கப்பலில் தலைசுற்றி சத்தி வருமாமே?" கடலே இல்லாத மாத்தளையில் இந்தப் பயம் இயல்பானது.

ஆனால் எமது மூத்தவர்கள் இதை அறிந்தவர்கள். விமானம் வருமுன் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் நாட்கணக்கில் கப்பலில்தான் பயணித்தார்கள். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. குமட்டலுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'நோசியா' என்ற சொல்லே, கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அவ்வளவு பழைய நோய் இது.

இதைப் பலவீனம் என்று நினைப்போர் உண்டு. வாழ்நாளைக் கடலில் கழித்த பிரித்தானியத் தளபதி நெல்சனுக்கும் இது வந்தது. காரணம் மனதில் இல்லை, காதில் இருக்கிறது. செவிப்புலனற்றோர் பலருக்கு, சுழற்றினாலும் தலைசுற்றுவதில்லை என்று 1882 இல் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். உட்காது "அசைகிறோம்" என்கிறது. அறைக்குள் இருக்கும் கண் "அசையவில்லை" என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலாகிறது.

மருந்து கிடைத்ததும் தற்செயலாகத்தான். 1947 இல் அமெரிக்காவின் பால்டிமோரில், தோல் தடிப்புக்கு மருந்து எடுத்த ஒரு பெண்ணுக்கு ட்ராமில் வழமையாக வரும் குமட்டல் நின்றது. பிறகு அதைப் படையினர் சென்ற கப்பலில் பரிசோதித்தார்கள். அதுவே டிரமமைன். 1988 இல் டென்மார்க்கில் 80 கடற்படைப் பயிலுனர்களிடம் செய்த ஆய்வில், ஒரு கிராம் இஞ்சித் தூள் சத்தியைக் குறைத்தது தெரிந்தது. அல்குர்ஆன் 'ஸன்ஜபீல்' என்று சொல்லும் அதே இஞ்சி, எமது ஒவ்வொரு சமையலறையிலும் இருக்கிறது.

பயணம் போவோர் கவனிக்க:

வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம், வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம். மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே எடுங்கள்; சத்தி தொடங்கிய பின் அது வயிற்றில் தங்காது. கர்ப்பிணிகள், முதியோர், சிறுபிள்ளைகளுக்கு வைத்தியரிடம் கேட்டே கொடுங்கள். கப்பலின் நடுப்பகுதியில் இருந்து, தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள். பாடசாலைச் சுற்றுலாவில் பிள்ளையை பஸ்ஸின் முன் ஆசனத்தில் இருத்தி தூரத்தைப் பார்க்கச் சொல்கிறோமே, அதே வழிதான். சத்தி வந்தால் ஜீவனி கரைத்து, மிடறு மிடறாகக் குடியுங்கள்.

வயதான உம்மாவை, வாப்பாவை "தலைசுற்றும்" என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆயத்தத்தோடு கூட்டிச் செல்லுங்கள்.