கோஷா ஆஸ்பத்திரி: யாருடைய வழக்கத்துக்கு மரியாதை?

நர்சிங் படிக்கும் நம் தோழர் ஒருவர் போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். சோமாலியா, சூடான் போன்ற நாடுகளிலிருந்து குடிபெயர்ந்த பெண்களில் பலர் சிறுவயதிலேயே பிறப்புறுப்பு வெட்டப்பட்டவர்கள். அவர்கள் பிரசவத்துக்கு வரும்போது அவர்களது பண்பாட்டை மதித்து மருத்துவம் செய்ய வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. "பண்பாட்டை மதிப்பது என்றால் அந்த வெட்டையும் மதிப்பதா?" என்று கேட்டார்.

காஞ்சிபுரத்தில் வளர்ந்த எங்களுக்கு 'வழக்கத்தை மதிக்க வேண்டும்' என்று யார் சொன்னாலும் சந்தேகம் வந்துவிடும். பிரசவ வார்டில் எங்கள் அம்மாக்களிடம் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல, "எந்தத் தெரு?" என்றுதான். கோயில் வீதி, நெசவாளர் தெரு, காலனி என்று பிரிந்து கிடக்கும் ஊரில் அந்த ஒரு கேள்வி போதும்.

தோழரின் கேள்விக்குப் பதில் தேடினால் சென்னையின் கோஷா ஆஸ்பத்திரியில் போய் நிற்கிறோம். சேப்பாக்கத்தில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையைத்தான் சனங்கள் இன்றும் அப்படிச் சொல்கிறார்கள். 1866இல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண், ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதற்காகவே பெண்கள் வீட்டுக்குள் பிரசவத்தில் சாவதைக் கேள்விப்பட்டார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் அவரும் ஒருவர். பிறகு லண்டனிலும் படித்துத் திரும்பி வந்து, 1885இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். வெங்கடகிரி ராஜா பணம் கொடுத்தார், விக்டோரியா ராணி தன் பெயரைக் கொடுத்தார். 1890இல் அது சேப்பாக்கத்துக்கு வந்தது.

இதைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. பெண் டாக்டர், திரை, ஆண்கள் நுழையாத வார்டு என்ற ஏற்பாடு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அந்த மருத்துவமனையின் முழுப் பெயரைப் படியுங்கள்: சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான ராயல் விக்டோரியா மருத்துவமனை. 'சாதிப் பெண்கள்' என்றால் சாதி இந்துக்கள். பெயர்ப்பலகையே எங்கள் பாட்டிகளை வெளியே நிறுத்திவிட்டது.

இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்நிய ஆணிடம் உடம்பைக் காட்டக் கூசுவது படுத்திருக்கும் பெண்ணின் விருப்பம். பக்கத்துக் கட்டிலில் பறைச்சி படுக்கக் கூடாது என்பது அவள் சாதியின் விருப்பம். இரண்டுக்கும் 'வழக்கம்' என்று ஒரே பெயர் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சுவர் எழுப்பினார்கள். எங்கள் பாட்டிகளுக்கும் கூச்சம் இருந்தது. வயலில் முழங்கால் தெரிய நாற்று நட்டவளுக்குத் திரை எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, அவளுக்காக யாரும் கோஷா வார்டு கட்டவில்லை. பொது இடங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் எல்லோரும் நுழையலாம் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர, 1924இல் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் வரவேண்டியிருந்தது. மருத்துவமனையின் பெயரிலிருந்து சாதி போக 1948 ஆயிற்று.

இப்போது தோழரின் கேள்விக்கு வருவோம். உலகில் இன்று 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இப்படி வெட்டப்பட்டவர்கள் என்று யுனிசெஃப் 2024இல் கணக்கிட்டது. அதன் கொடிய வகையில் வெட்டிய ஓரங்களைச் சேர்த்து மூடிவிடுகிறார்கள். சிறுநீருக்கும் மாதவிடாய்க்கும் ஒரு சிறு துளைதான் மிஞ்சும். இப்படிப்பட்ட ஒரு பெண் பிரசவ வலியோடு வரும்போது ஒன்றும் தெரியாத டாக்டர் திகைத்து நிற்பதும், மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதும் அவளுக்கு இரண்டாவது வெட்டு. லண்டனில் கம்ஃபர்ட் மோமோ என்ற மருத்துவச்சி 1997இல் கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இவர்களுக்கென்று ஒரு கிளினிக் தொடங்கினார். இப்படிப்பட்ட கிளினிக்குகளில் கர்ப்ப காலத்திலேயே பதமாகக் கேட்டு விசாரிக்கிறார்கள். மொழிபெயர்க்கக் கணவனையோ மாமியாரையோ அல்ல, வெளிப்பெண் ஒருவரை அழைக்கிறார்கள். மூடிய தழும்பைப் பிரசவத்துக்கு முன்பே திறந்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு பழையபடி தைத்து மூடச் சொல்லிக் குடும்பம் கேட்டாலும் தைப்பதில்லை. பிரிட்டனில் அதைச் சட்டம் அனுமதிப்பதுமில்லை. அவளுடைய கூச்சத்துக்கு மரியாதை உண்டு, அந்தத் தையலுக்கு இல்லை. 1885இல் சென்னையில் செய்யத் தவறிய பிரிவினை இதுதான்.

இதை எங்கோ ஆப்பிரிக்காவின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் குழந்தைகளுக்கு இதைச் செய்யும் பெண்ணை ஒஸ்தா மாமி என்பார்கள். டாக்டர்கள் இதைச் செய்யக்கூடாது என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை அனுப்பியது. இந்தியாவில் போரா சமூகத்தின் கத்னாவை எதிர்த்த வழக்கை அதே 2018இல் உச்சநீதிமன்றம் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. இங்கே வாய் திறந்தவர்களில் அந்தச் சமூகத்துக்குள் வெட்டுப்பட்ட பெண்களே இருக்கிறார்கள். இதை எடுத்து முஸ்லிம்களைத் திட்டக் கிளம்பும் கூட்டத்துக்கு ஒன்று: எகிப்தின் கோப்டிக் கிறிஸ்தவர்களிடமும் எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களிடமும் இவ்வழக்கம் உண்டு. அது மட்டுமல்ல, தங்கள் சாதிப் பெண்ணுக்குத் தனி வார்டு கேட்டவர்கள் யார் என்பதையும் அவர்கள் ஒருமுறை படிக்கட்டும்.

தோழருக்கு அடுத்த மாதம் பிரசவ வார்டில் பயிற்சி. "எந்தத் தெரு?" என்பதற்குப் பதிலாக, வந்து படுக்கும் பெண்ணிடம் முதலில் என்ன கேட்பது என்று நாங்கள் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் கேள்வியிலேயே இரண்டு பேருக்குச் சண்டை.