பதிவில்லாத விமானமும் ஒரு உலக சாம்பியனும்

ஃபார்முலா ஒன் பார்க்கிறவங்களுக்கு கிரஹாம் ஹில் யாருன்னு சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்காக: 1962, 1968 உலக சாம்பியன். மொனாக்கோவில் மட்டும் ஐந்து தடவை ஜெயித்தவர். 1975-ல் ஓய்வு பெற்று, சொந்த டீமைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அதே வருஷம் நவம்பர் 29 ராத்திரி. பிரான்ஸில் புது காரை டெஸ்ட் பண்ணிவிட்டு, டீம் ஆட்கள் ஐந்து பேரோடு தன்னுடைய பைப்பர் ஆஸ்டெக் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு இங்கிலாந்து திரும்பினார். லண்டன் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ என்கிற சின்ன விமானத்தளத்தில் இறங்கணும். கடும் பனிமூட்டம். ஓடுபாதைக்குச் சுமார் 3 மைல் முன்னாடியே, ஆர்க்லி கோல்ஃப் மைதானத்து மரங்களில் மோதி எரிந்துபோனது. ஒருத்தரும் பிழைக்கலை. அதில் ஓட்டுநர் டோனி பிரைஸுக்கு வயசு 23.

விசாரணை அதிகாரிகளுக்குக் கறுப்புப் பெட்டி கிடையாது. லாக் ஃபைலே இல்லாத சர்வர் க்ராஷ் மாதிரின்னு வைச்சுக்கோங்க. கடைசியில் உறுதியான காரணம் கிடைக்கலை. பைலட் தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடித்தார்கள்.

ஆனால் காகிதங்களைப் புரட்டினப்போதான் பூதம் கிளம்பியது. விமானம் அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து எப்போதோ நீக்கப்பட்டிருந்தது. பழைய எண் மட்டும் உடம்பில் அப்படியே இருந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத விமானம்! ஹில்லின் அமெரிக்க பைலட் சான்றிதழும் காலாவதி. மோசமான வானிலையில் கருவிகளை வைத்துப் பறக்க பிரிட்டனில் வாங்கியிருந்த தகுதியும் காலாவதி.

விளைவு? இன்ஷூரன்ஸ் செல்லாது. இறந்தவர்களின் குடும்பங்கள் ஹில்லின் சொத்து மேல் வழக்குப் போட்டன. அவங்க நியாயம் அவங்களுக்கு. ஹில் குடும்பம் வீட்டை விற்க வேண்டி வந்தது. அப்போ 15 வயசுப் பையனாக இருந்த டேமன் ஹில், பின்னாளில் பைக்கில் கூரியர் வேலை பார்த்துத்தான் ரேஸுக்குள் வந்தார். 1996-ல் அவரும் உலக சாம்பியன் ஆனது தனிக்கதை.

'காகிதமா விமானத்தை விழுத்தாட்டியது?' என்று கேட்கலாம். பதிவு எண் சரியாக இருந்திருந்தாலும் அந்த மரம் அங்கேயேதான் நின்றிருக்கும். ஒத்துக்கறேன். ஆனால் அந்த வானிலைத் தகுதி வெறும் காகிதம் இல்லை. வெளியே ஒண்ணும் தெரியாதப்போ கருவியை மட்டும் நம்பி ஓட்ட இன்னும் கை பழகியிருக்கிறதா என்று இன்னொருத்தர் சோதித்துப் பார்க்கிற விஷயம் அது. உலக சாம்பியனுக்கும் அந்தச் சோதனை வேணும்.

சரி மக்களே, உங்க லைசென்ஸ் எந்தத் தேதியில் முடியுதுன்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அப்படியே இன்ஷூரன்ஸையும்.