காற்றும் காவல் மரமும்

வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் அட்டன், மஸ்கெலியாத் தோட்டங்களில் இரவு உறக்கம் அரிது. லயன்களின் தகரக் கூரைமேல் பாரக் கற்களை ஏற்றிவைத்து, தகரம் அதிரும் ஓசையைக் கேட்டவாறே மக்கள் விடியலை எதிர்நோக்குவர். அதே சரிவில் தேயிலைச் செடிக்கு மட்டும் சவுக்கு மரங்கள் வரிசையாகக் காவல் நிற்கின்றன. இக்காவலுக்கு ஒரு வரலாறு உண்டு.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் துணைகொண்டு மலைக்காடுகள் அரசுடைமையாயின. பின்னர் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. காடு வீழ்ந்ததும் காற்றுக்குத் தடை நீங்கிற்று. திறந்த மேடுகளில் கோப்பிச் செடிகள் ஆடி வேர் தளர்ந்தன. முளை நட்டு அவற்றைக் கட்டிவைக்க நேர்ந்தது. கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது 1873இல் தடைசெய்யப்பட்டது. அதற்குள் அழிந்தவை அழிந்தனவே.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை வந்தது. வெட்டிய காட்டுக்கு ஈடாக ஆஸ்திரேலியாவின் கிரவிலியா மரம் நடப்பட்டது. (சமவெளியார் சவுக்கு என்பது வேறு மரம், மலைநாட்டார் அப்பெயரை இதற்குச் சூட்டினர்.) மரவரிசை மதிலைப்போல் காற்றை முற்றாக மறிப்பதில்லை, இலைகளினூடே ஒரு பகுதியைக் கசியவிட்டு அதன் வேகத்தைத் தணிக்கிறது. மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை அதன் பயன் எட்டும். கொழுந்து வாடாது, மண்ணின் ஈரமும் காயாது. இவையெல்லாம் தேயிலையின் விளைச்சலுக்காகப் போடப்பட்ட கணக்கு. கொழுந்து பறிப்பவள் உறங்கும், பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா அக்கணக்கில் இடம்பெறவில்லை.

ஜப்பானின் தொனாமிச் சமவெளியில் இதற்கு மாறான காட்சியைக் காணலாம். வயல்களிடையே தனித்தனியாக நிற்கும் உழவர் வீடுகள் ஒவ்வொன்றையும் உயர்ந்த சுகி மரங்கள் சூழ்ந்துள்ளன. காற்றைத் தடுத்த அம்மரங்களே உதிர்ந்த சுள்ளிகளால் அடுப்பெரித்தன; வீடு புதுக்கும் காலத்தில் உத்தரமும் ஆயின. அவ்வுழவரும் செல்வத்தில் திளைத்தவர் அல்லர்; எனினும் வீட்டைச் சுற்றி மரம் வைக்க அவர்களுக்கு இடமிருந்தது. நம் தொழிலாளிக்கோ அடுப்புக்குச் சவுக்குக் கிளை கிடைத்தது, சவுக்கு நட நிலம் கிடைக்கவில்லை.

1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறியபோதெல்லாம் லயன் லயனாகவே இருந்தது. அண்மை ஆண்டுகளில் ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியில் தனிவீடு அமைந்துள்ளது. காற்று வரும் பக்கத்தில் என்ன மரம் வைப்பது என்பதை அங்கே வீட்டாரே தீர்மானிக்கலாம். ஏனையோர் இன்னும் கூரைக்குக் கல் தேடுகின்றனர்.