மீதமுள்ள 167 மணி நேரம்

தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் வட்டம், 1923 முதல் 1931 வரை தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெராரின் பெயரால் அமைந்தது. அவ்வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்தின் (பழைய போர்ட் பிளேர்) ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் செல்பவர் சாலைவழியே சுற்றிச் செல்ல வேண்டும். அல்லது பாம்பூ பிளாட் துறையில் படகேறிச் சாத்தம் துறையில் இறங்க வேண்டும். நலமுள்ளவருக்கு இது சிறு பயணம். முழங்காலில் அறுவை செய்துகொண்டவருக்கும் பக்கவாதத்தால் ஒரு கால் இழுபடுபவருக்கும் அவ்வாறன்று. அவர் வாரம் இருமுறை சென்று, முறைக்கு அரை மணி நேரம் இயன்முறைச் சிகிச்சை பெறுவதாகவே கொள்வோம். வாரத்தின் 168 மணி நேரத்தில் மீதமுள்ள 167 மணி நேரத்தை அவர் சிகிச்சையாளர் இல்லாமலே கழிக்கிறார்.

அந்த இடைவெளி யாருடைய பொறுப்பு? "வீட்டில் பயிற்சி செய்தீர்களா?" என்று கேட்கும்போது பொறுப்பு முழுவதும் நோயாளியின் தலையில் இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டு மறுவாழ்வு மருத்துவத்தின் வரலாறு இதற்கு வேறொரு விடையை வைத்திருக்கிறது.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மறு ஆண்டில் ராபர்ட் காக்ரேனின் அழைப்பின் பேரில் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்வையிட்டார். விரல்கள் மடங்கி இறுகிப்போன கைகளையுடையோர் அங்குப் பலர் இருந்தனர். அக்கைகளில் சில தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகளின் வலிமை குன்றவில்லை. வலுவுள்ள தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த தசையின் வேலைக்குப் பொருத்தினால் விரல்கள் மீண்டும் நிமிரலாம். இக்கருத்தின்படி 1948இல் வேலூரில் கை அறுவைகள் தொடங்கின.

அறுவையோடு வேலை முடியவில்லை. ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டில் இருந்த கையைப் பிரித்த பிறகு, விரலை மடக்கப் பழகியிருந்த தசையை விரலை நிமிர்த்தப் பழக்க வேண்டியிருந்தது. தசை இடம் மாறியதை மூளை தானாக அறிந்துகொள்வதில்லை. நாள்தோறும் பலமுறை, சிறிது சிறிதாகச் செய்யும் பயிற்சியே அதைக் கற்பிக்கிறது. ரூத் தாமஸ் என்ற இயன்முறைச் சிகிச்சையாளரின் பணி இங்கேதான் இன்றியமையாததாயிற்று. மெழுகு ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பு, விரல் பயிற்சி ஆகியவை கத்திக்கு இணையான மதிப்பைப் பெற்றன.

அடுத்த பாடம் மருத்துவமனைக்கு வெளியே கிடைத்தது. கை சீரானவர்கள் தொழில் கற்பதற்காக 1951இல் வேலூரில் 'நவ ஜீவ நிலையம்' என்ற குடிசைக் குடியிருப்பு உருவானது. அங்குத் தச்சு வேலையும் பொம்மை செய்தலும் கற்றவர்களின் கைகளில் புதிய காயங்கள் தோன்றிக்கொண்டே இருந்தன. நோய் விரலைத் தின்கிறது என்பதே அன்றைய பொது நம்பிக்கை. பிராண்டும் உடனிருந்தோரும் ஒவ்வொரு காயத்தின் காரணத்தையும் தேடினர். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்ததும், சுத்தியலின் மெல்லிய பிடியை அளவுக்கு மீறி அழுத்தியதும் காரணங்களாகத் தெரிந்தன. சிலரின் விரல் நுனிகள் இரவில் காணாமற்போயின. கண்விழித்துக் காத்திருந்தபோது, உணர்வற்ற விரல்களை எலிகள் கடித்தது தெரியவந்தது. கருவிகளின் பிடிகள் தடிமனாக்கப்பட்டன. கைகளை அன்றாடம் சோதித்துப் பார்ப்பது விதியானது. குடிசைகளுக்குப் பூனைகள் வந்தன.

அப்பூனைகள் இவ்வரலாற்றின் முக்கியமான சான்று. விரல் குறைந்ததற்கு நோயாளியின் கவனக்குறைவே காரணம் என்று அந்நிலையம் கோப்பை மூடிவிடவில்லை. சிகிச்சை முடிந்து அவர் உறங்கும் இடம்வரை சென்று பார்த்தது.

அதே கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் நிகழ்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிப் பராமரிப்பைக் கற்பது அதன் நடைமுறையாயிற்று. தண்டுவடம் பாதிக்கப்பட்டவரைக் குறித்த இடைவெளியில் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். இரவு இரண்டு மணிக்கு அதைச் செய்யப்போவது தாயோ மனைவியோ தம்பியோ ஆவார். ஆகவே அவர்களும் அந்நிலையத்தின் மாணவர்களாயினர்.

மூன்றாவது கட்டம் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் நிகழ்ந்தது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்திறன் சோதனையில் கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்தவர் எஸ். இராமகிருஷ்ணன். அவர் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உலக நலவாழ்வு நிறுவனம் சமூகம் சார்ந்த மறுவாழ்வை வலியுறுத்தத் தொடங்கிய காலமும் அதுவே. நோயாளி நிலையத்திற்கு வருவதோடு, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் நோயாளியின் வீட்டிற்குச் செல்லும் முறையைச் சங்கம் வளர்த்தெடுத்தது. வீட்டின் படி எவ்வளவு உயரம், கழிப்பறைக்கு எவ்வளவு தொலைவு, பகலில் உடன் இருப்பவர் யார் என்பவற்றைப் பார்த்த பிறகே பயிற்சியைத் தீர்மானிக்க முடிகிறது.

மூன்று கட்டங்களிலும் இடைவெளியை நிறுவனமே தன் பொறுப்பாக ஏற்றது. நோயாளியின் முயற்சிக்கு இதில் இடமில்லை என்று பொருளன்று. பயிற்சியை அவர்தான் செய்தாக வேண்டும். ஆனால் மிகுதியாகச் செய்வதும் தீங்கு. பயிற்சிக்குப் பின் மூட்டு சூடேறி வீங்கினாலோ, வலி மறுநாளும் தணியாதிருந்தாலோ, அளவு மிஞ்சிவிட்டது என்பதற்கு அது அறிகுறி. அப்போது அளவைக் குறைத்துச் சிகிச்சையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இவ்வேறுபாட்டை நோயாளிக்கு ஒருவர் முன்பே கற்பித்திருக்க வேண்டும். என்ன செய்தார், எங்கே வலித்தது என்று அவர் எழுதிவைக்கும் நாட்குறிப்பை அடுத்த சந்திப்பில் ஒருவர் படிக்கவும் வேண்டும்.

பெரார்கஞ்ச் போன்ற தீவுப் பகுதிகளில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. மழைக்காலத்தில் ஒரு சந்திப்பு தவறினால், அரை மணி நேர இழப்பு என்று அதைக் கணக்கிடுவது பிழை. அடுத்த சந்திப்புவரையிலான நாட்கள் அனைத்தும் வழிகாட்டலின்றிக் கழிகின்றன. பயிற்சித் தாளை நோயாளியின் கையில் கொடுத்தனுப்புவதோடு கடமை முடிந்தது என்று கருதும் எந்த மருத்துவ அமைப்பும் வேலூர்க் குடிசைகளை நினைத்துப் பார்க்கலாம். அங்கே இரவில் கண்விழித்துக் காத்திருந்தபோதுதான், விரல்கள் ஏன் குறைந்தன என்பது தெரிந்தது.